நைட் ஷிப்ட்டில் பிடித்த காய்

எங்கள் வீட்டில் தேதி போடாத பொருள் நான் ஒருவன்தான். மாவு டப்பாவில் தேதி இருக்கும். ஊறுகாய் பாட்டிலில் தேதி, கேஸ் சிலிண்டரில் மாட்டிய தேதி, முட்டையில்கூட பென்சிலால் தேதி. என் மனைவி ஞானம்மா கல்யாணத்துக்கு முன்னால் திருப்பாச்சூரிலிருந்து தினமும் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போய், ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஆறு வருஷம் பேட்ச் நம்பரும் தேதியும் குத்தியவள். அந்த வேலையை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. கை மட்டும் இன்னும் அந்த வேலையை விடவில்லை.

என் பெயர் எபினேசர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் உலை பக்கம் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். அது போக எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. ரயில் பாதையை ஒட்டியிருக்கும் எங்கள் காலனியில் பேட்டரி டேங்க் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கும் ஏழு வீட்டுக்கும் பூச்சி மருந்து அடிப்பது நான்.

நைட் ஷிப்ட் வாரமென்றால் காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் என்னை ரயில்வே கேட்டில் இறக்கிவிடும். வீட்டுக்குள்கூட நுழையமாட்டேன். வாசலில் பையை வீசிவிட்டு டேங்கை முதுகில் மாட்டிக்கொள்வேன். ஒன்பதரைக்குள் அன்றைய முறைக்காரர் நிலத்தை முடித்து, குளித்து, நாஷ்டா சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்வரை என்னை எழுப்ப ஒரு ஜீவனுக்கும் தைரியம் கிடையாது. பகல் ஷிப்ட் வாரமென்றால் ஐந்தரைக்கு வந்து இருட்டும்வரை அடிப்பேன். மிச்சம் வைக்காமல் வேலையை முடித்துவிட்டுப் படுக்கிறவன் என்பதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. காலனியில் யாராவது இன்றைக்கு மருந்து உண்டா என்று கேட்டால், எபினேசருக்கு என்ன ஷிப்ட் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

ஏழு வீட்டிலும் பயிர் ஒன்றேதான். வெள்ளைப் பூசணி. வேறு ஊரில் கூட்டு வைப்பார்கள், அல்வா கிண்டுவார்கள். எங்கள் பூசணிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சிப்காட்டில் எத்தனை கம்பெனி, கம்பெனிக்கு எத்தனை மிஷின், அத்தனைக்கும் ஆயுத பூஜையன்று ஒரு பூசணி உடைத்தாக வேண்டும். ஆகவே ஒரே நாளில் விற்று ஒரே நாளில் தெருவில் சிதறும் காய் அது. "ஜெபம் பண்ற ஊட்ல திருஷ்டிப் பூசணியா எபினேசர்?" என்று பாஸ்டர் ஒரு தடவை கேட்டார். "வளக்கறதோட நம்ம வேல முடிஞ்சிது பாஸ்டர், ஒடைக்கறது அவுங்க" என்று சொல்லித் தப்பித்தேன்.

பூசணி வைப்பது ஞானம்மாவின் யோசனை. அதற்குமுன் அவள் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் நின்றபடி பத்து மணி நேரம் பேக்கிங் செய்துகொண்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆதிகேசவன் ஐயாவின் முக்கால் ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டு வாங்கினாள். முதல் இரண்டு வருஷம் காய் நன்றாக வந்தது. போன வருஷம் முக்கால் ஏக்கருக்கும் சேர்த்துப் பதினொரு காய். பூ பூத்தது, பிஞ்சு வந்தது, அத்தனையும் மஞ்சளாகி உதிர்ந்தது. மற்ற ஆறு வீட்டிலும் இதே கதிதான். கன்னியம்மா அக்கா மட்டும், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் கட்டினார். திருஷ்டிப் பூசணிக்கே திருஷ்டி என்று நான் சிரித்தேன். ஞானம்மா சிரிக்கவில்லை.

இந்த வருஷம் விதை ஊன்றும்போதே ஆதிகேசவன் ஐயா பைக்கை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்தார். நல்ல மனிதர், கத்த மாட்டார்.

"நைனா, கன்டெய்னர் யார்டுக்காரன் இந்த நெலத்தக் கேட்டு மூணு தடவ ஊட்டுக்கு வந்துட்டான். மண்ணக் கொட்டி மேடாக்கிடுவானாம். நீங்க போன வருசம் கஷ்டப்பட்டது எனக்குத் தெரியும். ஆயுத பூஜ வரைக்கும் பாக்கறேன். காய் வந்தா நெலம் உங்க கையிலயே இருக்கட்டும். வரலன்னா என்னக் கோச்சிக்காதீங்க."

அவர் போன பிறகு ஞானம்மா தன் காலைப் பார்த்தாள். அவள் மறுபடி அந்த பேக்கிங் லைனில் போய் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் கையிலிருந்த ஒரே ஆயுதம் அந்த டேங்க். இந்த வருஷம் ஒரு பூச்சியைக்கூட விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

ஜூலையில் பூ வந்தது. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஞானம்மா விடியற்காலையில் போய், அன்றைக்கு மலர்ந்த பெண் பூ ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு நாடா கட்டினாள். கழுவிக் காயவைத்த பால் கவரை விரல் அகலத்துக்கு வெட்டியது. அதன்மேல் அழியாத மார்க்கரில் தேதி.

"இதுக்குமா?" என்றேன்.

"எந்தக் காய் எப்ப முத்தும்னு தெரிய வேணாமா? கம்பெனிக்காரன் பிஞ்ச வாங்கினு போவானா?"

பிஞ்சுகள் நின்றால்தானே முத்துவதற்கு? மூன்றாம் வாரத்திலேயே உதிர ஆரம்பித்துவிட்டது. சூம்பி மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்தது. பூச்சி மருந்துக்கடைக்காரர் நான் போனில் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு ஒரு புது பாட்டிலையும், அதோடு கலக்க இன்னொரு பாட்டிலையும் எடுத்து வைத்தார். இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றி, போதாததற்கு என் பங்குக்கு ஒரு மூடி கூடுதலாக ஊற்றி அடித்தேன். அடித்த அன்றைக்கு இலையெல்லாம் பளபளத்தது. அந்த வாரம் முன்னைவிட அதிகமாக உதிர்ந்தது.

ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றக்கூட இல்லை, ஞானம்மா ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து கூடத்தில் கவிழ்த்தாள். உதிர்ந்த பிஞ்சுகள். ஒன்றைக்கூட எறியாமல் நாடாவோடு சேர்த்து வைத்திருக்கிறாள்! தரையில் உட்கார்ந்து தேதிவாரியாகப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் ஃபேனைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். நாலு குவியல் ஆயிற்று, வாரத்துக்கு ஒன்று. இரண்டு குவியல் முழங்கால் உயரம் என்று சொன்னால் மிகை, ஆனால் கூடையை நிரப்பும். மற்ற இரண்டும் ஒரு கைப்பிடி.

"உன் ஷிப்ட் அட்டையக் குடு" என்றாள்.

பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் பெரிய குவியல் இரண்டின்மேலும் விரலை வைத்தாள்.

"இது நைட்டு. இதுவும் நைட்டு. சின்னது ரெண்டும் நீ பகல் ஷிப்ட் போன வாரம். செடியில நிக்கற காயப் போயி எண்ணிட்டு வந்தேன். எல்லாம் பகல் வாரத்துத் தேதிங்க. உன் நைட் ஷிப்ட் மொத்தமும் ரிஜெக்‌ஷன்."

அந்தச் சொல்லை அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. அவளுக்கு அது கம்பெனி பழக்கம். ஆனால் என் தலையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. அந்த வாரம்தான் சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். வார்ப்பில் ஓட்டை விழுந்தால், விரிசல் விட்டால், எந்த ஷிப்ட் என்று ஒரு கேள்வி, நைட் என்று ஒரு பதில். தூக்கம் கெட்டு உழைக்கிறவன் தலையில்தான் எல்லாப் பழியும்.

"மழ பேஞ்சிருக்கும்" என்றேன்.

"மழ ஷிப்ட் பாத்துப் பேயுமா?"

"நோவு இருக்கும்."

"நோவுக்கும் ஒரு வாரம் லீவு உட்றாங்களா? போன வருசம் இன்னா ஆச்சுன்னு நெனச்சிப் பாரு. உன்கூட ஷிப்ட் மாத்தற அந்த பீகார் பையன் ஊருக்குப் போயிட்டான்னு ரெண்டு மாசம் சேந்தாப்ல நைட்டுதான பாத்த? பதினோரு காய்."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"காலையில நீ அடிச்சிட்டுப் போன பெறவு போய்ப் பாத்தேன். பூவுக்குள்ளயே தேனீ செத்துக் கெடக்குது. பூசணிப் பூ விடியக்கால விரியுது, பத்து மணிக்கெல்லாம் வாடுது. ஈ வர்ற நேரமே அவ்ளோதான். நீ சரியா அந்த நேரம் பாத்து ஊத்திக்கினு கீற. சாயங்காலம் அடிக்கறப்ப பூ வாடிக் கெடக்குது, ஈயும் இல்ல. ஈ வராத பூவுல காய் எங்கருந்து நிக்கும்?"

"மருந்துக்கடைக்காரரு படிச்சவரு. நீ இன்னா, பிஸ்கட் கம்பெனிதான?" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். அது அசிங்கமான பேச்சு. சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் நைட். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கியபோது கன்னியம்மா அக்காவின் முறை. எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலம். வேண்டாமென்று உள்ளே ஒரு குரல் சொல்லியது, இவள் சொல்லி நான் கேட்பதா என்று இன்னொரு குரல். டேங்கை மாட்டினேன். முதல் பாத்தியை அடித்து முடித்தேன். பிறகு, இத்தனை வருஷத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். பம்ப்பை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து, அடித்த பூவைப் பார்த்தேன்.

நாலைந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தேனீ வந்தது. நனைந்திருந்த பூவுக்குள் இறங்கி, காலெல்லாம் மஞ்சளாக வெளியே வந்து, விளிம்பில் நின்றது. பறக்கப் போகிறது என்று பார்த்தால் முகத்தை முன்னங்காலால் துடைத்துக்கொண்டேயிருந்தது. துடைத்தது, துடைத்தது, இலையில் விழுந்தது. மல்லாந்து ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தது. நான் குச்சியால் நிமிர்த்திவிட்டேன். மறுபடி மல்லாந்தது. மருந்து அடித்த நாளில் என் கண் எரிவதும் கை நடுங்குவதும் உலைச் சூட்டினால் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இதுவும் வேலைக்கு வந்த ஜீவன்தானே? ஷிப்ட்டுக்கு வந்த இடத்தில் நான் விஷத்தை ஊற்றியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நைட் முடித்த உடம்பு, அதனால்தான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்த நிலத்தில் சத்தமே இல்லை. கல்யாணமான புதிதில் இந்த வரப்பில் நடந்தால் காதோரம் ஒரு ரீங்காரம் கூடவே வரும். எங்கள் சர்ச் சுவர் வெடிப்பில் கொசுத்தேனீ கூடு இருந்தது, ஜெபம் நடக்கும்போது உள்ளே சுற்றும். அது எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. வாய்க்காலில் தவளை கத்துவதும் நின்றுபோயிருந்தது. டேங்கை நான் அலசுவது அந்த வாய்க்காலில்தான்.

"இன்னாடா எபினேசரு, நடுவுல நிறுத்திக்கினு தவம் பண்ற?" கன்னியம்மா அக்கா சொம்போடு வந்து நின்றார்.

"யக்கா, ரெண்டு வருசமா உன் காய உதுத்தது நான்தான்" என்றேன்.

ஞானம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். குவியல், ஷிப்ட் அட்டை, தேனீ எல்லாம். அக்கா இலையில் கிடந்த அந்தத் தேனீயைக் குனிந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எலுமிச்சம்பழம் கட்டிக்கினு ஊரெல்லாம் கரிச்சிக் கொட்னேனேடா பாவி! வயித்துல அடிச்சவன் முதுவுல டேங்க மாட்டிக்கினு என் எதுர்லயே நடந்துகினு இருந்திருக்க!" சொம்புத் தண்ணீரை என் காலருகே ஓங்கி ஊற்றினார். "எனக்கு மட்டும் சொன்னா ஆவுமா? போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஞானம்மா நிலத்தில் மட்டும் நிறுத்திப் பிரயோஜனமில்லை. தேனீக்கு எது யார் குத்தகை என்று தெரியாது. பக்கத்து நிலத்தில் செத்தால் இங்கேயும் வராது. அன்று சாயங்காலம் மோட்டார் கொட்டகை முன்னால் ஏழு வீட்டுக்காரர்களும் கூடினார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். என் ஜென்மத்தில் அவ்வளவு நேரம் தலையைக் குனிந்து பேசியதில்லை.

முதலில் முனிகிருஷ்ணன் எழுந்தார். எங்கள் ஏழு வீட்டிலும் வயதும் வாயும் அதிகம் உள்ளவர்.

"அப்ப போன வருசம் நஷ்டத்துக்கு யாரு பதில் சொல்றது? ஒரு ஈயக் காட்டிட்டா போதுமா?"

"பதில் எங்கிட்ட இல்லண்ணா. தப்பு மட்டும்தான் கீது."

"மருந்து அடிக்காத உட்டா செவப்பு வண்டு எலைய மொட்டையாக்கிடும். அதுக்கு இன்னா பண்ணுவ?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நைட் வாரத்தில் வெளியிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்றார் ஒருவர். அவனும் காலையில்தான் வருவான் என்றார் இன்னொருவர். அரைமணி நேரம் இப்படியே பேஜாராகப் போனது. அப்போது கன்னியம்மா அக்கா சத்தமாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டா, நைட்டுக்குப் போற பஸ் எத்தினி மணிக்கு?"

"ஒம்பதுக்கு."

"எத்தினி மணிக்கு எழுந்துக்கற?"

"அஞ்சு அஞ்சரை."

"அப்ப தூங்கி எழுந்து சாயங்காலமே அடிக்கறதுக்கு உனக்கு இன்னாடா கேடு?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தோன்றியதே இல்லை. வேலையை முடித்துவிட்டுப் படுக்க வேண்டும் என்ற என் ஒரு பெருமைக்காக ஏழு வீட்டுக் காயும், எண்ணிப் பார்க்க முடியாத தேனீயும் போயிருக்கிறது. முனிகிருஷ்ணன் சிரிக்க ஆரம்பித்தார். கோபமாக ஆரம்பித்து நிஜமான சிரிப்பாக முடிந்த சிரிப்பு அது.

பிறகு பேச்சு வேகமாக முடிந்தது. பூ இருக்கும் மூன்று வாரம் யார் நிலத்திலும் மருந்து கிடையாது. வண்டை அவரவர் காலையில் கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட வேண்டும், இலையில் அடுப்புச் சாம்பல் தூவ வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், வண்டு உள்ள பாத்திக்கு மட்டும் பொழுது சாய்ந்தபிறகு நான் அடிக்க வேண்டும். டேங்கை இனி வாய்க்காலில் அலசக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையைச் சொன்னது ஞானம்மா. அவள் முன்பே சொல்லியும் நான் டேங்கை மாட்டியதை அவள் காட்டிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, "பிஸ்கட் கம்பெனின்னு சொன்னது தப்பு" என்றேன்.

"தெரியும். தேதி போட்டு வெச்சிருக்கேன்" என்றாள்.

ஆனால் நிறுத்திய மறுநாளே வந்து நிற்கத் தேனீ என்ன கம்பெனி பஸ்ஸா? முதல் வாரம் பூவெல்லாம் விரிந்து காத்துக் கிடந்தது, ஈ காக்கை இல்லை. ஞானம்மாதான் வழி சொன்னாள். ஆண் பூவைக் கிள்ளி, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். ஏழரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, நைட் ஷிப்ட் கண்ணோடு, உலைக் கரி போகாத விரலால் பூவுக்குப் பூ தடவிக்கொண்டு போனேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். ஒரு மணி நேரத்தில் அறுபது பூ முடித்தால் பெரிது. இந்த வேலையைத் தேனீ சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தது என்று நினைத்தால் வெட்கமாக இருந்தது.

வண்டும் சும்மா இருக்கவில்லை. முனிகிருஷ்ணனின் நிலத்தில் ஒரு மூலை இலை சல்லடையாகிப் போனது. அவர் தினமும் என்னைப் பார்த்து, "உன் பேச்சக் கேட்டேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் மருந்துக்கு மட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் பதினெட்டைத் தாண்டி, அடுத்த நைட் வாரம். புதன்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பேறினேன். ஞானம்மா பாத்தி நடுவில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தாள்.

"வந்துட்டாங்க" என்றாள், வீட்டுக்கு விருந்தாளி வந்தமாதிரி.

ரயில் பாதையோரப் புதரிலிருந்து வந்ததோ, வேறெங்கிருந்தோ, தெரியாது. ஏழெட்டுத் தேனீ. ஒரு பூவுக்குள் போய், குலுக்கி, வெளியே வந்து, அடுத்ததற்குத் தாவின. ஒன்று என் முழங்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. கருப்பாக ஒரு வண்டுத் தேனீயும் கனமான சத்தத்தோடு சுற்றியது. எனக்குச் செய்ய வேலை எதுவுமில்லை. சும்மா நின்றேன். ஞானம்மா மெல்ல நடந்து, அவை உட்கார்ந்து எழுந்த பூக்களின் காம்பில் நாடா கட்டினாள். அன்றைக்கு மட்டும் தேதிக்குக் கீழே இன்னொரு எழுத்தும் போட்டாள். 'நை'.

"இன்னாத்துக்கு அது?"

"நிக்குதான்னு பாக்க வேணாமா? ஷிப்ட் தெரியணுமில்ல."

அடுத்த வாரம் முழுக்க நான் உலைக்கு முன்னால் நின்றாலும் நினைப்பு அந்த நாடாக்களில்தான். ஒன்று உதிர்ந்தால்கூடப் பகல் ஷிப்ட் முடித்து வரும்போது அவள் முகத்திலேயே தெரிந்துவிடும். சில உதிரத்தான் செய்தன. பெரும்பாலானவை நின்றன. எலுமிச்சை அளவாகி, தேங்காய் அளவாகி, செப்டம்பர் கடைசியில் மேலே வெள்ளைச் சாம்பல் பூக்க ஆரம்பித்தது.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் காய் அறுத்தோம். முதல் வருஷம் அளவுக்கு இல்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் லோடு ஆட்டோ இரண்டு நடை அடித்தது. கன்னியம்மா அக்கா நிலத்தில் எங்களைவிட அதிகம். முனிகிருஷ்ணனுக்கு அந்த மூலை போனது போனதுதான், மற்றதில் பரவாயில்லை. ஆதிகேசவன் ஐயா பைக்கை நிறுத்திவிட்டு வரப்பேறி வந்தார். குவித்து வைத்திருந்த காய்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு காயைத் தூக்கிக் கனம் பார்த்தார், கையில் ஒட்டிய சாம்பலை வேட்டியில் துடைத்தார். ஞானம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யார்டுக்காரன் நாளைக்கு வரேன்னு போன் பண்ணான்" என்றார். "வராதன்னு சொல்லிடறேன். தை மாசம் இன்னா வெக்கறதா கீறீங்க?"

ஞானம்மா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வீக்கமில்லாத காலை ஈர மண்ணில் வைத்துக்கொண்டாள். நான்தான், "தர்பூஸ் போடலாம்னு கீறோம் ஐயா" என்று உளறினேன். அதைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. ஐயா தன் பைக்குக்கு ஒரு சின்னக் காயை எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் கம்பெனிக்குப் பதினெட்டுக் காய் போயிருந்தது. பூஜையன்று உலையை அணைத்து, தரையைக் கழுவி, மிஷினுக்கெல்லாம் சந்தனம் தெளித்திருந்தார்கள். எங்கள் இரண்டாம் நம்பர் உலைக்கு முன்னால் ஒரு காய். மேலே சதுரமாக வெட்டி உள்ளே குங்குமம் போட்டு, கற்பூரம் ஏற்றியாயிற்று. சூப்பர்வைசர் அதைத் தூக்கி மூன்று சுற்று சுற்றி, கம்பெனி கேட் பக்கம் நடந்தார். காம்பில் ஏதோ ஆடியது. பால் கவர் நாடா. ஞானம்மா அவிழ்க்க மறந்திருக்கிறாள்.

"சார், ஒரு நிமிசம்!"

காயைத் தலைக்குமேல் ஓங்கியவர் அப்படியே நின்றார். நான் ஓடிப்போய் நாடாவை அவிழ்த்தேன். ஆகஸ்ட் 21. நை.

"இன்னாபா அது?" என்றார்.

"நைட் ஷிப்ட் சார்" என்றேன். "ரிஜெக்‌ஷன் இல்ல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காய் தெருவில் விழுந்து சிதறியது. எல்லோரும் கைதட்டிவிட்டுப் பொரி வாங்க உள்ளே திரும்பினார்கள். நான் மட்டும் கேட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, குங்குமத்தில் தோய்ந்த துண்டுகளிலிருந்து விதைகளை வழித்து டிபன் டப்பாவில் போட்டேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாஸ்டர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

வீட்டில் ஞானம்மா அந்த விதைகளை மூன்று தண்ணீரில் அலசி, முறத்தில் பரப்பிக் காயவைத்தாள். நாலாம் நாள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து மூடினாள். மேலே ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதினாள். அதற்குக் கீழே, என்னைக் கேட்காமலே, ஷிப்ட்டையும் எழுதினாள்.